முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை வரிசை

முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை வரிசை என்பது, புராஸ்டேட் (முன்னிற்குஞ்சுரப்பி) சுரப்பியில் தோன்றி எலும்பு, நிணநீர்க்கணு முதலிய இடங்களுக்குப் பரவிவிட்ட புற்றுநோய்க்கு எந்தச் சிகிச்சையை முதலில், எதனைப் பின்னர் அளிப்பது என்று முடிவு செய்யும் முறையாகும். இந்நிலையில் நோயை முற்றிலும் நீக்குவது பெரும்பாலும் இயலாது. ஆயினும் பல ஆண்டுகள் கட்டுக்குள் வைக்க இயலும். ஒரு மருந்து பயனிழந்தபின் அடுத்ததைப் பெறும் அளவுக்கு அனைவருக்கும் உடல்நிலை இருப்பதில்லை. எனவே வரிசையில் கடைசிக்கு ஒதுக்கப்படும் மருந்து பலருக்குக் கிடைக்காமலே போகிறது.

அடிப்படைச் சிகிச்சை

ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் இப்புற்று சுருங்கும் என்பதைச் சார்லசு அகின்சும் கிளாரன்சு ஓட்சசும் 1941இல் காட்டினர். இதற்காக அகின்சு 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் வரிசையின் முதற்படி இதுவே. பின்னர் எது சேர்ந்தாலும் இது நிறுத்தப்படுவதில்லை.

இதற்கு இரு வழிகள் உள்ளன. விதைகளை அறுவையால் அகற்றினால் இயக்குநீர் ஒரு நாளுக்குள் வீழ்ந்துவிடும். செலவும் ஒரே முறைதான். கோசரலின், லியூப்ரோலைடு போன்ற ஊசிகளை மாதந்தோறும் அல்லது மூன்று மாதத்துக்கொரு முறை போடவேண்டும். இவ்வூசிகள் முதலில் இயக்குநீரைச் சில நாட்கள் உயர்த்திவிட்டே பின்னர் குறைக்கும். முதுகெலும்பில் நோய் பரவியவருக்கு இவ்வுயர்வு தண்டுவடத்தை அழுத்திக் கால்களைச் செயலிழக்கச் செய்யலாம். ஆதலால் பைகாலுடமைடு போன்ற எதிர்ப்பு மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவர். டெகாரெலிக்சு ஊசிக்கு இவ்வுயர்வு இல்லை. இந்தியாவில் அறுவையை ஏற்போர் இன்றும் பலர் உள்ளனர். ஊசித் தவணையைத் தவறவிட நேரிடும் என்று அஞ்சுவோருக்கு இது தாழ்ந்த தெரிவன்று.

முன்கூட்டியே சேர்த்தல்

முன்னர், இயக்குநீர்க் குறைப்பு பயனிழந்த பின்னரே அடுத்த மருந்தைத் தொடங்கினர். 2004இல் டோசிடாக்செல் வேதிச்சிகிச்சையும், 2011இல் அபிராடெரோனும், 2012இல் என்சலூடமைடும் அந்நிலையில்தான் பயன் காட்டின. 2015இல் வெளியான சார்டெட் ஆய்வு இவ்வரிசையை மாற்றியது. 790 பேர் பங்கேற்ற அவ்வாய்வில், தொடக்கத்திலேயே ஆறு சுற்று டோசிடாக்செல் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 57.6 மாதங்கள், இயக்குநீர்க் குறைப்பு மட்டும் பெற்றோருக்கு 44.0 மாதங்கள். நோய் மிகுதியாகப் பரவியோரிடமே இப்பயன் தெளிவாகத் தெரிந்தது. 2017இல் இலாட்டிடியூடு, இசுடாம்பீடு ஆய்வுகள் அபிராடெரோனை முன்கூட்டியே சேர்ப்பதும் வாழ்நாளை நீட்டுவதைக் காட்டின. 2022இல் மூன்றையும் இணைக்கும் முறையும் சான்று பெற்றது. குறைவாகப் பரவிய நோயில் புராஸ்டேட்டுக்கே கதிர்வீச்சு அளிப்பதும் பயனுள்ளது.

அடுத்தது எது?

இங்குதான் வரிசை பற்றிய கேள்வி கடினமாகிறது. அபிராடெரோன் இயக்குநீர் உருவாவதைத் தடுக்கிறது. என்சலூடமைடு அதன் ஏற்பியை அடைக்கிறது. இரண்டும் ஒரே பாதையைத் தாக்குவதால் ஒன்று பயனிழந்தபின் மற்றொன்று அதிகம் உதவுவதில்லை. 2019இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், அபிராடெரோனுக்குப் பின் என்சலூடமைடு பெற்றோரில் 36 விழுக்காட்டினருக்குப் பி.எஸ்.ஏ. அளவு குறைந்தது, தலைகீழ் வரிசையில் 4 விழுக்காட்டினருக்கே குறைந்தது. அதே ஆண்டின் கார்டு ஆய்வு, டோசிடாக்செலும் இவ்விரு மாத்திரைகளில் ஒன்றும் பயனிழந்தோருக்கு மற்ற மாத்திரையைவிடக் கபாசிடாக்செல் மேலானது எனக் காட்டியது (13.6 மாதங்கள், 11.0 மாதங்கள்). ஆகவே மாத்திரைக்குப் பின் மாத்திரை என்று போய், வேதிச்சிகிச்சையைக் கடைசிக்கு ஒதுக்குவது எளிதாகத் தோன்றினும் பலருக்கு நட்டமாகவே முடியும்.

பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் பிறழ்வு உள்ளவர்களுக்கு ஓலாபரிப் பயன்படுவதாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. லுட்டீசியம்-177 கதிரியக்க மருந்துக்கு 2021இல் சான்று கிடைத்தது. ரேடியம்-223ஐ அபிராடெரோனுடன் ஒருசேரத் தொடங்கினால் எலும்புமுறிவு மிகுவதால் அவ்விணைப்பு தவிர்க்கப்படுகிறது.

உடனிருக்கும் நோய்களும் வரிசையைத் தீர்மானிக்கும். அபிராடெரோனுடன் பிரெட்னிசோலோன் உட்கொள்ள வேண்டியிருப்பதால் நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை ஏறலாம். இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் கண்காணிக்கப்படவேண்டும். வலிப்பு வந்தவருக்கு என்சலூடமைடு ஏற்றதன்று.

தமிழ்நாட்டுச் சூழல்

நூல்களில் உள்ள வரிசை ஊரைக் கருதுவதில்லை. திருச்சிராப்பள்ளி–சிதம்பரம் சாலையில் உள்ள கீழப்பழுவூரிலிருந்து ஒருவர் மூன்று வாரத்துக்கொரு முறை வேதிச்சிகிச்சைக்குத் திருச்சிராப்பள்ளிக்கோ தஞ்சாவூருக்கோ சென்று வரவேண்டுமாயின், பயணம், உடன் வருபவரின் கூலியிழப்பு, இடையில் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனை சேரும் வசதி ஆகியவையும் கணக்கில் வரும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. வெள்ளணுக் குறைவால் வரும் காய்ச்சலுக்கு அருகிலேயே மருத்துவமனை இருப்பது சிறு செய்தியன்று.

விலையும் வரிசையை மாற்றியுள்ளது. என்சலூடமைடுக்கான காப்புரிமை விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2016 நவம்பரில் நிராகரித்தது. இவ்விரு மாத்திரைகளையும் இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. அபிராடெரோன் வழக்கமாக வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் உட்கொள்ளப்படுகிறது. 72 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கொழுப்புக் குறைந்த காலையுணவுடன் 250 மில்லிகிராம் உட்கொண்டபோதும் பி.எஸ்.ஏ. குறைவு ஏறத்தாழ ஒத்திருந்தது. வாழ்நாளை அளந்த ஆய்வன்று எனினும், செலவு கால்பங்காவதால் இந்திய மருத்துவர் பலர் இதனைக் கையாள்கின்றனர். முழு அளவை உணவுடன் உட்கொள்வது இதற்கு மாறானது. மருந்து பன்மடங்கு உறிஞ்சப்பட்டுத் தீங்கு விளையலாம். எனவே மருத்துவர் கூறாமல் அளவையோ வேளையையோ மாற்றலாகாது.