நின்றபின் இறுகியதா, இறுகியதால் நின்றதா?

ஊரில் எல்லோர் வீட்டிலும் விற்கவும் மனசில்லாமல், வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் ஒரு சாமான் இருக்கும். சிலருக்குப் பாட்டியின் தேக்கு பீரோ, சிலருக்குக் கிராமத்தில் அரை ஏக்கர். எங்களுக்கு ஜீப். பெங்களூர் நீலசந்திராவில், எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு 2008லிருந்து நின்றது. மஹிந்திரா சிஜே3பி, பெட்ரோல் வண்டி. 1986ல் அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்தது.

போன வருஷம் அண்ணன் போன் செய்தான். "மாடிக்குக் குடி வர்றவங்க கார் நிறுத்த இடம் கேக்கறாங்கடா. காயலாங்கடைக்காரன் வந்து பாத்துட்டுப் போயிட்டான். எஞ்சின் ஜாம், இரும்பு வெலைதான் தருவேன்னு சொல்றான். குடுத்துடட்டுமா?"

டிசம்பர் லீவில் வருகிறேன், அதுவரை பொறு என்றேன். ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்த வண்டியைக் கடைசியாக ரோட்டில் ஓட்டியது நான். 2008 ஏப்ரல், ஓசூரில் ஒரு கல்யாணம். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள் (2010ல்தான் திறந்தது). ஓசூர் ரோடு முழுக்கப் பள்ளமும் புழுதியும். மணிக்கணக்கில் முதல் கியரிலேயே ஊர்ந்தேன். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது தெரிந்தும் நிறுத்தவில்லை. மறுநாள் இரவு எனக்கு டெட்ராய்ட் விமானம், பெட்டி கூடக் கட்டவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தபோது பானெட்டுக்குள்ளிருந்து ஆவி. அப்பா வெளியே வந்து பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். 2011ல் அவர் போய்விட்டார். அவருடைய வண்டியை நான்தான் கொன்றேன் என்ற நினைப்பு என்னுடனேயே மிச்சிகனில் குடித்தனம் செய்துகொண்டிருந்தது.

எங்கள் தெருவில் மிலிட்டரி மாமா என்று ஒருவர். 1943ல் தொடங்கிய இ.எம்.இ. பிரிவில், அதாவது ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் பிரிவில், வேலை செய்தவர். அல்சூரில் இருக்கும் 515 ராணுவப் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. குடையை ஊன்றிக்கொண்டு வந்து, தார்ப்பாயை விலக்கக் கூட விடாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"ஓடும்போது இறுகி நின்னுச்சா தம்பி, நின்னப்புறம் இறுகுச்சா?"

காயலாங்கடைக்காரர் சொன்ன 'ஜாம்' என்ற ஒரு வார்த்தைக்குள் நாலைந்து வியாதி இருக்கிறது. சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளலாம். எண்ணெய் இல்லாமல் பேரிங் உருகி கிராங்க்கைப் பிடித்துக்கொள்ளலாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டன் மேலே வராது. வருஷக்கணக்கில் நின்று துரு ஏறியிருக்கலாம். எஞ்சினுக்கு ஒன்றுமே ஆகாமல், செல்ஃப் மோட்டாரின் பினியன் ஃப்ளைவீல் பல்லில் சிக்கியிருக்கவும் கூடும். இந்தக் கடைசி ரகத்தை நம்பி நல்ல எஞ்சினை இரும்பு விலைக்குப் போட்டவர்கள் உண்டு என்றார் மாமா.

அதனால் சுலபமானதிலிருந்து தொடங்கினோம். நியூட்ரலில் தள்ளினால் வண்டி உருண்டது. பிரேக்கும் பின் ஆக்சிலும் குற்றவாளி இல்லை. டாப் கியரில் போட்டு (இதில் மூன்றே கியர்தான்) முன்னும் பின்னும் ஆட்டினோம். பினியன் சிக்கியிருந்தால் 'டக்'கென்று விடும். விடவில்லை. செல்ஃபையே கழற்றி வைத்தோம். ஃபேன் பெல்ட்டை எடுத்தோம், டைனமோவும் வாட்டர் பம்ப்பும் கணக்கிலிருந்து போயின. நான்கு பிளக்கையும் கழற்றினோம். மூன்று பிளக் சாதாரணப் பழுப்பு. மூன்றாவது சிலிண்டர் பிளக்கில் மட்டும் செங்கல் பொடி மாதிரித் துரு. ஹேண்டில் போட்டுப் பார்த்தால் மயிரிழை கூட அசையவில்லை.

பிறகு சம்ப். போல்ட்டைத் திறந்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர், அதற்குப் பின்னால்தான் கறுப்பு ஆயில். தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். மாமா ஆயிலைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பேரிங் உருகியிருந்தால் வெள்ளிப் பொடி மாதிரி மின்னும், அதைக் காந்தம் பிடிக்காது, கண்தான் பிடிக்கும் என்றார். ஒன்றும் மின்னவில்லை.

நாலு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, "ஆறு நாள் எவனும் கை வைக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அந்த ஆறு நாளில் இந்த எஞ்சினின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1940ல் அமெரிக்க ராணுவம் சின்னதாக ஒரு நாலு சக்கர இழுவை வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளைக் கேட்டது. முதல் மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்தியது பாண்டம் என்ற சிறு கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸ் ஓவர்லேண்டுக்கும் ஃபோர்டுக்கும் போனது. வில்லிஸின் பலம் எஞ்சின். 48 குதிரைத்திறன் கொடுத்த பழைய எஞ்சினை பார்னி ரூஸ் என்ற பொறியாளர் தட்டி நிமிர்த்தி 60க்குக் கொண்டுவந்திருந்தார். போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்துவிட்டன.

போர்க்காலத்தில் அமெரிக்காவில் இந்தியக் கொள்முதல் குழுவுக்குத் தலைவராக இருந்த கே.சி. மஹிந்திரா அங்கே ரூஸைச் சந்தித்தார். ஊர் திரும்பி 1945ல் அண்ணன் ஜே.சி.யோடும் குலாம் முகமதோடும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சரானார், பெயர்ப்பலகை மஹிந்திரா அண்ட் மஹிந்திராவாக மாறியது. 1949ல் மும்பை மஸகானில் முதல் ஜீப்பைப் பூட்டி இறக்கினார்கள். எங்கள் வண்டியின் மாடல் 1953ல் அமெரிக்காவில் வந்தது. உள்வால்வை ஹெட்டுக்கு மாற்றியதில் எஞ்சின் உயரமாகிவிட, பானெட்டையும் தூக்கவேண்டி வந்தது. அதனால்தான் சிஜே3பிக்கு அந்த மேடான மூக்கு. அமெரிக்காவில் இதை நிறுத்திய பிறகும் நம் ஊரில் பல வருஷம் ஓடியது.

இன்னொரு ஜீப் கதையும் இருக்கிறது. 1948ல், கிருஷ்ண மேனன் லண்டனில் ஹை கமிஷனராக இருந்தபோது, புதுப்பித்த பழைய ஜீப்புகளுக்கு ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. வந்து இறங்கியவை 155. உபயோகப்படாது என்று ராணுவம் ஒதுக்கியது. பார்லிமெண்ட் அமளிக்குப் பின் 1955ல் அரசு விவகாரத்தை மூடியது. மாமாவிடம் இதைச் சொன்னேன். "பெயிண்ட் அடிச்ச எஞ்சினை எவன் தொறந்து பாக்கறான்" என்றார்.

நீலசந்திராவுக்கு இந்த வண்டிகள் வந்ததும் ராணுவத்தால்தான். நாங்கள் வந்ததும் அப்படித்தான். 1809ல் வெள்ளைக்காரன் பெங்களூரில் கண்டோன்மெண்ட் போட்டதிலிருந்து, அதற்குச் சோறு ஆக்கவும் துணி வெளுக்கவும் கல் உடைக்கவும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா அதில் ஒருவர். 1947 வரை கண்டோன்மெண்ட் மைசூர் ராஜாவின் நிர்வாகத்தில் இல்லை, தனி ஆட்சி. ஊர்ப் பெயரில் இருப்பது சந்திரனும் இல்லை, 'சமுத்திரம்' தேய்ந்து 'சந்திரா' ஆனது என்பார்கள். அந்தப் பக்கம் ஏரியைச் சமுத்திரம் என்பது வழக்கம். போர்க்காலத்தில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையை அமெரிக்க விமானப்படை தன் பழுதுபார்க்கும் டிப்போவாக நடத்தியது. அந்த நாளில் ஸ்பேனர் பிடித்த கைகளின் வாரிசுகள்தான் ஜே.சி. ரோடு சந்துகளிலும் சிவாஜிநகர் குஜிரியிலும் இருப்பவர்கள் என்பது என் யூகம்.

இதில் ஒரு வேடிக்கை. நான் இருக்கும் இடத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்தில் டொலிடோ, வில்லிஸின் சொந்த ஊர். பழைய தொழிற்சாலையை இடித்துவிட்டார்கள். 'ஓவர்லேண்ட்' என்று செங்கல்லிலேயே எழுதிய ஒரு புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு நீலசந்திராக் கொட்டகைதான் ஞாபகம் வரும்.

ஏழாம் நாள் மாமா வந்தார். ஹெட்டைக் கழற்றும் முன் அண்ணனைக் கூப்பிட்டு, "தம்பி ஊருக்குப் போனப்புறம் உங்கப்பா இதை ஸ்டார்ட் பண்ணாரா?" என்று கேட்டார். அண்ணன் யோசித்தான். "பண்ணாரே. ரெண்டு நாள் கழிச்சு ஸ்டார்ட் பண்ணித்தான் கொட்டாய்க்குள்ள விட்டாரு."

எனக்கு மூச்சு வந்தது. சூட்டில் கவ்விய பிஸ்டன் ஆறினால் பெரும்பாலும் விட்டுவிடும், சிலிண்டரில் கீறல்தான் மிஞ்சும். இங்கே வண்டி ஓடித்தான் கொட்டகைக்குள் போயிருக்கிறது. ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டரில் கீறல் இல்லை. மூன்றாவதில் ஒரு விரல் அகலத்துக்குத் துரு வளையம்.

ஆனால் மாமா கேஸ்கெட்டைத் திருப்பிக் காட்டினார். மூன்றாம் சிலிண்டருக்கும் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவில் கருகிப் பிளந்திருந்தது. "இது சூட்டுல போனது. இது வழியா ரேடியேட்டர் தண்ணி சொட்டுச் சொட்டா உள்ள எறங்கியிருக்கு." ஆக, நான் கொல்லவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

ஓசூர் ரோட்டுக் கதையை அப்போதுதான் அண்ணனிடம் சொன்னேன். அவன் கேஸ்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணிய எறக்கி வைடான்னு அப்பா எங்கிட்டதான் சொன்னாரு" என்றான். "நாளைக்கி, நாளைக்கின்னு விட்டுட்டேன்."

மாமா எங்கள் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. பிஸ்டன் மேல் கட்டையை வைத்து ஒரு தட்டு, ஹேண்டிலில் ஒரு அழுத்து என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னார். சாயங்காலம் நாலு மணிக்கு அரை அங்குலம் இறங்கியது. மூன்றாம் சிலிண்டருக்கு ஸ்லீவ் போட வேண்டும்; ரிங் செட்டும் கேஸ்கெட்டும் ஜே.சி. ரோட்டில் விசாரிக்க அண்ணன் மறுநாளே போய்விட்டு வந்தான். குடி வருகிறவர்கள் காரைத் தெருவில் நிறுத்திக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டு.