சாம்பியன் தந்த மன்றம்



விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் எங்கே ஆடிப் பழகினார் தெரியுமா? சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் 1972இல் தொடங்கிய மிகைல் தால் செஸ் கிளப்பில். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் மானுவல் ஆரோன்.

1935இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த ஆரோன், 9 முறை தேசிய சாம்பியன். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1962 ஸ்டாக்ஹோம் போட்டியில் போர்ட்டிஷ், உல்மன் போன்ற பெரிய ஆட்டக்காரர்களை வென்றும் கடைசி இடமே கிடைத்தது. தனி ஒருவரின் திறமை மட்டும் போதாது. கூடி ஆட ஓர் இடமும் வேண்டும். செஸ் சங்க நிர்வாகியாகவும் அதற்கே உழைத்தார். 1988இல் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

நம் புன்னைக்காயல் குடியிருப்பின் பொது அறையிலும் ஒரு பலகையை விரிப்போமே. பிள்ளைகளுக்கு எதிரே உட்காரப் பெரியவர்கள் வேண்டும். வருவீர்களா?