பத்துச் சதமா, பற்றரியா?

வானொலியில் நான் பேசியதை எழுத்திலும் தரச்சொல்லிச் சில தாய்மார் கேட்டார்கள். அதனால்தான் இந்தப் பக்கம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு தங்கச்சி தொலைபேசி எடுத்தார். இரண்டு வயதுப் பிள்ளை எதையோ விழுங்கிவிட்டது, எச்சில் வடிகிறது. "பத்துச் சதக் காசாத்தான் இருக்கும் அண்ணா" என்றார். "காசுதானே, வாழைப்பழம் குடுங்கோ, தானா வெளியில போயிடும்" என்று சொன்னவன் நான்தான். ஊரில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் வைத்தியசாலைக்குப் போனோம். மொழிபெயர்க்கப் போன நான் வைத்தியரிடமும் காசு என்றே சொன்னேன். எக்ஸ்றே படம் வந்தது. அவர் அதை விரலால் தொட்டுக் காட்டினார். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். காசுக்கு அப்படி உள்விளிம்பு தெரியாது. அது பற்றரி. அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் நடக்கவில்லை, ஓடினார்கள்.

உள்ளே போன பொருளை வெளியிலிருந்து பார்க்க மனிதன் எப்போது பழகினான் என்று பிறகு தேடிப் படித்தேன். தொடக்கத்தில் நிற்பவர் ஒரு வாள் விழுங்கி. 1868இல் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் அடோல்ஃப் குஸ்மவுல் என்ற வைத்தியர், நேரான உலோகக் குழாயை அப்படியொரு வித்தைக்காரரின் இரைப்பை வரை இறக்கிப் பார்த்தார். வாள் போகும் இடத்தில் குழாயும் போகும் என்பது கணக்கு. வாள் விழுங்குவதில் எங்கள் பக்கத்து ஆட்களும் பேர் போனவர்கள். ஆங்கிலேயர் 'ராமோ சாமி' என்று எழுதிவைத்த இந்திய வித்தைக்காரர் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே லண்டனில் வாள் விழுங்கிக் காட்டியவர். பெயரைப் பார்த்தால் எங்கள் ராமசாமி மாதிரித்தான் இருக்கிறது.

1895 நவம்பரில் றொன்ட்ஜன் எக்ஸ்றே கதிரைக் கண்டார். அடுத்த வருடமே கிளாஸ்கோவில் ஜோன் மக்கின்ரயர் என்ற வைத்தியர், ஒரு பிள்ளையின் தொண்டையில் சிக்கிய நாணயத்தைப் படம் பிடித்தார்.

ஆனால் இந்தக் கதையில் நான் நெடுநேரம் நின்றது அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சனிடம் (1865–1958). நுனியில் சின்ன விளக்கு வைத்த குழாயை விட்டு, ஊசி, பொத்தான், காசு, விளையாட்டுச் சாமான் என்று எடுத்தார். எடுத்தவற்றில் ஒன்றையும் எறியவில்லை. 2,374 பொருட்கள் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இவ்வளவு எடுத்த மனிதரை அதிகம் வருத்தியது எரிசோடா. அக்காலத்து அமெரிக்க வீடுகளில் துப்புரவு வேலைக்கு அது சாதாரணமாக இருந்தது. சீனி என்று நினைத்துப் பிள்ளைகள் வாயில் போட்டார்கள். உணவுக்குழாய் வெந்து, தழும்பு பிடித்து, தண்ணீரும் இறங்காத பிள்ளைகளை அவரிடம் கொண்டுவந்தார்கள். எரிசோடாப் பேணியில் 'நஞ்சு' என்று அச்சிட வேண்டும் என்று அவர் பல வருடம் போராடினார். 1927இல் சட்டம் வந்தது.

சிசிலியில் எரிசோடா பழங்கதை அல்ல. கஸ்தெல்வெத்ரானோப் பச்சை ஒலிவ்காய் கசப்புப் போவது அதில் ஊறித்தான். வீடு துப்புரவாக்கப் போகும் எங்கள் ஆட்கள், மிச்ச மருந்தைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவருவதை நானே கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

பற்றரி செய்வதும் அதே எரிசோடா வேலைதான். ஈரமான சதையில் ஒட்டியதும் மின்சாரம் ஓடி, எதிர்மின் பக்கத்தில் காரம் உண்டாகிறது. இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே ஆழமாக எரித்துவிடலாம். ரிமோட்டுக்கு வலுப் போதாத பழைய பற்றரிக்கும் இதற்குப் போதும். 'சிஆர் 2032' என்பதில் 20 என்பது மில்லிமீற்றர் அகலம், 32 என்பது 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. பத்துச் சதக் காசின் அகலம் 19.75. அந்தத் தங்கச்சியைக் குறைசொல்ல முடியுமா?

இப்போது வைத்தியர்கள் சொல்வது இது. பற்றரி என்று சந்தேகம் வந்தாலே 112க்கு எடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாப்பாடும் கொடுக்காதீர்கள், நான் சொன்ன வாழைப்பழம் உட்பட. 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, தேன் அந்தக் காரத்தைத் தணிக்கிறது என்று காட்டியது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு, விழுங்கும் நிலையில் இருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி கொடுக்கலாம். ஆனால் தேன் தேடி நேரம் போக்கக்கூடாது. பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேனே ஆகாது.

மீன்முள்ளுக்குச் சோற்று உருண்டை விழுங்கும் எங்கள் வழக்கமும் பிழை. முள் இன்னும் ஆழமாகக் குத்தலாம். சாதாரண எக்ஸ்றேயில் முள் பலவேளை தெரியாது, சிரி ஸ்கான் தேவைப்படும்.

அந்தப் பிள்ளைக்கு அன்றிரவே பற்றரியை எடுத்தார்கள். தழும்பு இறுக்கியதால், பிறகு நாலு தடவை உணவுக்குழாயை விரிக்க வேண்டியிருந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சந்தையில் பனெல்லே வாங்கிக் கொடுத்தால் ஆசையாகச் சாப்பிடுவான். ஒவ்வொரு கடிக்கும் ஒரு மிடறு தண்ணீர் வேண்டும். போத்தலைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன்.