மும்பைக்கு ஒரு ஹாக்கி அணி இருந்த வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபொழுது, சோழர் கடற்படையைப் பற்றியோ தாராவித் தோல் தொழிலைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவ்விரண்டையும் பற்றி என்னினும் கற்றோர் முன்னரே எழுதிவிட்டனர். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாய்ச் சேர்ந்தவன். எனக்குத் தெரிந்த வரலாறு விளையாட்டு வரலாறே. அதிலும் தோற்ற அணிகளின் வரலாறு என் மனத்தை அதிகம் ஈர்ப்பது. ஆகவே, 2013-ஆம் ஆண்டில் நடைபெற்ற ஹாக்கி இந்தியா லீக் என்னும் போட்டியின் முதற் பருவத்தையும், அதில் மும்பையின் பெயரைச் சுமந்த மும்பை மேஜிசியன்ஸ் அணியையும் குறித்துச் சில செய்திகளை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

வளைகோற் பந்தாட்டம் என்று தமிழில் வழங்கும் ஹாக்கி, நம் மும்பைக்குப் புதியதன்று. ஆகா கான் கோப்பைக்கான போட்டி 1896-ஆம் ஆண்டிலேயே இங்குத் தொடங்கிற்று. ரயில்வே, டாட்டா, மஹிந்திரா, ஏர் இந்தியா, செம்பூரில் உள்ள ஆர்.சி.எப். உரத் தொழிற்சாலை ஆகியவற்றின் அணிகள் பல்லாண்டு மோதி வந்தன. இவ்வாட்டக்காரர்கள் பகலில் அலுவலகத்தில் கையெழுத்திட்டு, மாலையில் மட்டையெடுத்தவர்கள். ஆட்டம் ஓய்ந்த பின்னும் வேலை இருக்கும், ஓய்வூதியம் இருக்கும். ஹாக்கியில் கோடி ரூபாய் இல்லாத காலத்தில் ஏழைப் பிள்ளைகள் இதை நாடி வந்ததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

அவ்வாறு வந்தவர்களுள் நம்மவர் ஒருவரைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. புனே நகரை அடுத்த கட்கியில் படைக்கலத் தொழிற்சாலையின் ஊழியர் குடியிருப்பில் 1968-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் பிறந்த தன்ராஜ் பிள்ளை தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. முறிந்த மட்டைகளைக் கட்டிச் சேர்த்து ஆடப் பழகியவர். அண்ணன் இரமேஷ் ஆர்.சி.எப். அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பின்பற்றித் தம்பியும் மும்பைக்கு வந்து, மஹிந்திரா அணியில் இடம் பெற்றார். பின்பு நான்கு ஒலிம்பிக் போட்டிகளிலும் நான்கு உலகக் கோப்பைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக ஆடினார். 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் நம் நாடு தங்கம் வென்றது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பம், தொழிலாளர் குடியிருப்பு, முன்னே வந்த அண்ணன் காட்டிய வழி என்னும் இம்மூன்றும் தாராவியில் எந்த வீட்டுக் கதையிலும் உண்டன்றோ!

ஊதியம் பேசி, ஊர்ப் பெயர் சூட்டி, தொலைக்காட்சிக்கென நடத்தப்படும் ஹாக்கிப் போட்டி 2005-ஆம் ஆண்டில் பிரீமியர் ஹாக்கி லீக் என்ற பெயரில் ஐதராபாத்தில் தொடங்கிற்று. அதில் இப்பகுதிக்கு உரியதாய் இருந்த அணியின் பெயர் மராத்தா வாரியர்ஸ். அதன் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? தன்ராஜ் பிள்ளை அவர்களே. மராத்திய வீரர் அணிக்குத் தமிழர் தலைவர்! இதைக் கேட்டு என் மராத்தி நண்பர் ஒருவர், “தன்ராஜ் எங்களவர்தானே” என்றார். நான் மறுக்கவில்லை. கட்கியில் பிறந்தவரை வேறு எப்படிச் சொல்வது?

அப்போட்டி 2008 வரை நான்கு பருவங்கள் நடந்தது. அதே ஆண்டு மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் நம் அணி தோற்று, 1928-க்குப் பின் முதன்முறையாக ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. ஹாக்கிச் சம்மேளனமும் கலைக்கப்பட்டது. அதன்பின் 2012-இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி என்றொரு போட்டி எட்டு அணிகளோடு நடைபெற்றது. மும்பை மரைன்ஸ் என்பது நம் நகரத்து அணியின் பெயர். ஏப்ரல் 2-ஆம் நாள் மும்பை மஹிந்திரா ஹாக்கி அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் ஷேர்-ஏ-பஞ்சாப் அணி புனே ஸ்டிரைக்கர்ஸ் அணியை 5–2 என்று வென்றது. நாற்பத்து மூன்று வயதில் தன்ராஜ் பிள்ளை கர்நாடக லயன்ஸ் அணிக்காக மட்டையெடுத்ததும் அப்பருவத்தில்தான். அப்போட்டிக்கு இரண்டாம் பருவம் என்பதே வாய்க்கவில்லை.

இந்நிலையில்தான் ஹாக்கி இந்தியா அமைப்பு தானே ஒரு போட்டியைத் தொடங்கியது. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் டெல்லியில் ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்தனர். சர்தார் சிங் அவர்களுக்கு 78,000 டாலர் விலை கிடைத்தது. அதுவே அன்றைய உச்ச விலை. டெல்லி, பஞ்சாப், ராஞ்சி, உத்தரப் பிரதேசம், மும்பை என ஐந்து அணிகள். ஒவ்வோர் அணியும் மற்றதோடு மும்முறை மோத வேண்டும். அரையிறுதி முதலியவற்றையும் சேர்த்து மொத்தம் 34 ஆட்டங்கள். ஜனவரி 14-இல் தொடக்கம்.

மும்பை அணிக்குப் பயிற்சியாளராய் வந்தவர் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ரிக் சார்லஸ்வொர்த். அணியின் முதன்மை ஆட்டக்காரர் சந்தீப் சிங். இவரைப் பற்றி ரயில்வேக்காரனாகிய நான் ஒன்று சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில், உலகக் கோப்பைக்குச் செல்லும் இந்திய அணியோடு சேரச் சதாப்தி ரயிலில் பயணம் செய்தபொழுது, காவலர் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து இவர் உடலில் குண்டு பாய்ந்தது. சக்கர நாற்காலியில் கிடந்த அவ்விளைஞர் எழுந்து நடந்து, மட்டை பிடித்து, 2009-இல் அஸ்லன் ஷா கோப்பையை வென்ற இந்திய அணிக்குத் தலைமையும் தாங்கினார்.

அணியில் பாகிஸ்தானிய ஆட்டக்காரர் நால்வரும் இடம் பெற்றிருந்தனர்: மஹ்மூத் ரஷீத், பரீத் அஹமத், முஹம்மது தௌசீக், இம்ரான் பட். பிற அணிகளில் இருந்தோரையும் கூட்டினால் ஒன்பது பேர். ஏலம் நடந்தபொழுது இதை யாரும் பெரிதாகக் கொள்ளவில்லை. ஆனால் ஜனவரி 8-ஆம் நாள் காஷ்மீர் எல்லையில் நம் வீரர் இருவர் கொல்லப்பட்டனர். நாடெங்கும் துயரமும் சினமும் பொங்கின. 13-ஆம் நாள், மும்பை அணி மஹிந்திரா அரங்கில் பயிற்சியில் ஈடுபட்டிருந்தபொழுது, சிவசேனைத் தொண்டர்கள் அங்குச் சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். மும்பையில் நடக்கவிருந்த முதல் ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. போட்டி தொடங்கிய மறுநாளே, ஒன்பது பேரும் தாயகம் அனுப்பப்படுவர் என்ற அறிவிப்பும் வந்தது. மட்டையைக் கையில் எடுத்து ஓர் ஆட்டம்கூட மும்பையில் ஆடாமல், அந்நால்வரும் பெட்டி கட்டினர்.

அரங்கம் சர்ச்கேட் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது. அந்த முதல் ஆட்டத்தைப் பார்க்க நான் அரை நாள் விடுப்புக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டேன். விடுப்பு மிச்சம் என்று மேலதிகாரி மகிழ்ந்திருக்கக் கூடும்.

இவ்விடத்தில் என் மனம் இரண்டாகப் பிரிந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எல்லையில் மகனை இழந்த தாயின் முன் நின்று, விளையாட்டு வேறு அரசியல் வேறு என்று வாதாட எனக்கு நா எழாது. ஆயினும் 1966-இல் தோன்றிய சிவசேனை தன் தொடக்க ஆண்டுகளில் தென்னிந்தியர்களுக்கு எதிராக நடத்திய கிளர்ச்சிகளை மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழ்ந்த பெரியோர் மறந்தாரில்லை. எங்கள் வீட்டுப் பெரியப்பா அந்நாட்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்த ஜனவரி மாதம் மட்டும், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “அந்தப் பையன்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களா?” என்று இரண்டு முறை கேட்டார். பாகிஸ்தான் நாட்டார் வேறு, இந்நாட்டுக் குடிகளாகிய நாம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுதல் பிழை. ஆனால் பெரியப்பா ஏன் கேட்டார் என்பது எனக்கு விளங்கிற்று.

நால்வரை இழந்த அணி தேறவேயில்லை. ஏலக் கணக்கில் பார்த்துப் பார்த்து அமைத்த கூட்டு குலைந்தது. ஐந்து அணிகளில் மும்பை கடைசி இடத்தைப் பெற்றது. ஆயினும் ஒரு விந்தை பாருங்கள்: அப்பருவத்தில் மிகுதியாகக் கோல் அடித்தவர் கடைசி இடத்து அணியின் சந்தீப் சிங் அவர்களே, பதினொரு கோல்கள். பிப்ரவரி 10-ஆம் நாள் ராஞ்சியில் நடந்த இறுதியாட்டத்தில் ராஞ்சி ரைனோஸ் 2–1 என்று டெல்லி வேவ்ரைடர்ஸ் அணியை வென்று கோப்பையைக் கொண்டது.

மும்பை மேஜிசியன்ஸ் 2014-லும் ஆடிவிட்டு மறைந்தது. அதற்கு ஈடாகத் தபங் மும்பை என்னும் புது அணி 2015-இல் தோன்றி, முதலிரு பருவங்களில் அரையிறுதியைக் காணவில்லை. பின்னாளில் இந்திய அணித் தலைவரான ஹர்மன்பிரீத் சிங் இவ்வணியில் ஆடியவர். 2017-இல் அணி இறுதியாட்டம் வரை ஏறியது. பிப்ரவரி 26-ஆம் நாள் சண்டிகரில் கலிங்கா லான்சர்ஸ் அணியிடம் 1–4 எனத் தோற்றது. களத்தில் அடித்த கோல் இரண்டாகக் கணக்கிடப்பட்ட காலம் அது. அக்கணக்கு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. பயணச் சீட்டுக்கு இரட்டைக் கட்டணம் வாங்குவது போன்றது. அத்தோடு போட்டியே நின்றுபோயிற்று.

மேலைநாட்டுக் கழகங்களைப் பற்றிப் படித்தபொழுது எனக்கு ஒரு வேறுபாடு தோன்றியது. பின்லாந்து நாட்டில் பனித்தரை ஹாக்கி பெருவழக்கு. அவர்களுடைய தொழில்முறைப் போட்டி 1975-இல் அமைந்தது. தம்பெரே என்னும் ஒரே ஊரில் இல்வெஸ், தப்பாரா என்று இரு கழகங்கள் உண்டு. இல்வெஸ் கழகம் 1931-இலேயே தோன்றிவிட்டது. அங்கே ஊரும் கழகமும் முன்னே வந்தன, போட்டி பின்னே வந்தது. இங்கோ போட்டி முதலில் வந்து, ஏலம் போட்டு அணியைச் செய்து, ஊர்ப் பெயரை ஒட்டியது. மும்பை மரைன்ஸ், மும்பை மேஜிசியன்ஸ், தபங் மும்பை என ஐந்தாறு ஆண்டுகளில் மூன்று பெயர்கள்! செம்பூர் ஆர்.சி.எப். அணி போன்றவற்றுக்கு இருந்த வேர் இவற்றுக்கு இல்லை.

ஏழாண்டு இடைவெளிக்குப் பின், 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் ரூர்கேலாவில் ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கியது. எட்டு ஆடவர் அணிகள். மும்பைக்கு அணி இல்லை. ஆனால் முதன்முறையாகத் தமிழ்நாட்டின் பெயரில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்றோர் அணி இருந்தது. அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வம் அதில் ஆடினார். தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த என் மகன், “அப்பா, இதில் நம் அணி எது?” என்று கேட்டான். அவன் சயான் மருத்துவமனையில் பிறந்தவன். திருநெல்வேலியைக் கோடை விடுமுறையில் மட்டும் அறிந்தவன். மும்பை அணி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை. அன்று தமிழ்நாடு என்று சொல்லிவிட்டேன்.

அரையிறுதியில் பெங்கால் டைகர்ஸ் அணியிடம் தமிழ்நாடு தோற்றது. அந்தப் பெங்கால் அணியே 2025 பிப்ரவரி 1-ஆம் நாள் ஐதராபாத் அணியை 4–3 என வென்று கோப்பையைப் பெற்றது. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்திலும் சூர்மா அணியிடம் தோற்றுத் தமிழ்நாடு நான்காவதாக நின்றது. எனக்கு அன்று இரவுப் பணி. முடிவை மறுநாள் காலை மகன்தான் சொன்னான்.