கண்புரையும் ஒளிக்கு அடங்கும் மருந்தும்

சதுப்பு நிலத்தைத் தூர்த்து, 1961இல் உருவாக்கத் தொடங்கிய தொழிற்பேட்டை ஜூரோங். அங்கே இரும்பாலையிலும் கப்பல் பட்டறையிலும் இளமையில் உழைத்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்த முதியோர். அவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "கத்தி வைக்காமல், சொட்டு மருந்திலேயே கண்புரை கரையாதா?" இக்கேள்வியின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

கண்புரை என்பது கண்ணில் வளரும் சதையன்று; கண்ணுக்குள் இருக்கும் வில்லையே மங்கிப்போவதாகும். மங்கிய வில்லையை ஊசியால் ஒதுக்கித் தள்ளும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. 1747இல் ஜாக் தாவியேல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் வில்லையை வெளியே எடுத்தார். 1949இல் இலண்டனில் ஹரால்டு ரிட்லி அதனிடத்தில் பிளாஸ்டிக் வில்லையைப் பொருத்தினார். மூவகைச் சிகிச்சையும் கெட்டுப்போன வில்லையை அகற்றியனவே தவிர, அது கெடுவதைத் தடுக்கவில்லை.

வில்லை ஏன் மங்குகிறது? அதில் கிரிஸ்டலின் என்னும் புரதங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. வில்லையில் சுண்ணாம்புச் சத்து மிகும்போது கால்பெயின் என்னும் நொதி விழித்தெழுந்து அப்புரதங்களை வெட்டுகிறது. வெட்டுண்டவை திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. புரைக்கான பல காரணங்களுள் இதுவும் ஒன்று. அப்படியானால் கால்பெயினைக் கட்டிப்போட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். அந்நொதி உடலெங்கும் இருந்து வேண்டிய வேலைகளைச் செய்கிறது. எல்லா இடத்திலும் அதை முடக்கினால் தீங்கு நேரும்.

இவ்விடத்தில் ஒளி துணைக்கு வந்தது. அசோபென்சீன் என்னும் சேர்மத்தின் மூலக்கூறு ஒளி பட்டால் வளைகிறது என்பதை 1937இல் ஹார்ட்லி கண்டறிந்தார். 1968இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எர்லாங்கர் குழுவினர் இத்தகைய சேர்மத்தைக் கொண்டு ஒரு நொதியின் வேலையை ஒளியால் கட்டுப்படுத்திக் காட்டினர். 2007இல் நியூசிலாந்தில் ஆண்ட்ரூ ஏபெல் குழுவினர், ஒளிக்கேற்ப வடிவம் மாறும் கால்பெயின் தடுப்பான்களைப் புரைக்கு எதிரான மருந்துகளாக எண்ணி உருவாக்கினர். உடலின் உள்ளுறுப்புகளுக்கு வெளிச்சம் எட்டாது. கண் வில்லைக்கோ எட்டும். ஒளி படும் இடத்தில் மட்டும் மருந்து வேலை செய்தால் மற்ற உறுப்புகள் தப்பும் அல்லவா?

ஆனால் தடைகள் உள்ளன. அசோபென்சீனை வளைக்கப் பெரும்பாலும் புற ஊதா ஒளி வேண்டும். அவ்வொளியே வில்லைக்குக் கேடு. இன்னொரு செய்தியும் உண்டு. பரம்பரையாகப் புரை வரும் செம்மறியாடுகளுக்கு, ஒளியோடு தொடர்பில்லாத ஒரு கால்பெயின் தடுப்பானை நியூசிலாந்தில் கொடுத்துப் பார்த்தனர். 2013இல் வெளியான முடிவின்படி, புரை வளரும் வேகமே குறைந்தது. வெட்டும் கத்தரியை நிறுத்தலாம். வெட்டுண்ட துணியை அதனால் ஒட்டவைக்க முடியாது.

ஆகவே முதியோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். முற்றிய புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து இன்றுவரை இல்லை. உண்டென்று விற்பவரை நம்பிக் காலம் கடத்தினால், தடுமாறி விழுந்து எலும்பு முறிவதும் உண்டு. அறுவைச் சிகிச்சையோ இன்று எட்டாத தொலைவில் இல்லை. மதுரையில் 1976இல் மருத்துவர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அதை ஏழைகளுக்கும் கிட்டச் செய்தது. ஜூரோங்கிலேயே 2015இல் இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை திறக்கப்பட்டது. ஒளிக்கு அடங்கும் மருந்து நம் பேரப்பிள்ளைகளுக்கு ஒருநாள் பயன்படலாம். நம் முதியோர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.