கற்றவரே கற்பித்தனர்: புதுக்கோட்டை தந்த பாடம்

கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்பர் முன்னோர். இலவச வகுப்புகளும் தொழிற்பயிற்சி நாள்களும் நடத்த விழையும் எவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்று நமது தமிழகத்திலேயே உண்டு. அதுவே புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தின் வரலாறாகும்.

1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 39 விழுக்காட்டினரே. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பெற்றது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி ஏற்றப்பட்டது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கமும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரின் உழைப்பும் இதற்குத் துணை நின்றன. ஊதியம் பெறாத தொண்டர்கள் ஊர்தோறும் எழுத்தைக் கற்பித்தனர்.

ஆனால் உட்கிராமங்களுக்குப் பெண் தொண்டர்கள் எவ்வாறு செல்வது? பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தையையோ கணவரையோ சகோதரரையோ எதிர்பார்க்க வேண்டும். இத்தடையை நீக்க, எழுத்தோடு மிதிவண்டிப் பயிற்சியும் பாடத்தில் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் ஏளனமும் பழிச்சொல்லும் எழாமல் இல்லை. எனினும் பெண்கள் பின்வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஊர்த் திடல்களில் பயிற்சி முகாம்கள் நடைபெற்றன. நேற்றுக் கற்றவர் இன்று வண்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவருக்குக் கற்பித்தார். அதற்காக எவரும் கட்டணம் கேட்கவில்லை. பெண்களுக்கான வண்டிகள் போதவில்லை என்பதால் ஆண்களின் வண்டிகளிலேயே பலர் பழகினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்று அவற்றையே விரும்பியோரும் உண்டு. வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளையொட்டி, 1,500 பெண்கள் மிதிவண்டிகளில் அணிவகுத்து நகரையே வியப்பில் ஆழ்த்தினர். அறிவொளி நடத்திய போட்டிகளிலும் காட்சிகளிலும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் தம் திறனைக் காட்டினர். கட்டுப்பாடு மிக்க குடும்பங்களைச் சேர்ந்த இளம் முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். தண்ணீர் கொண்டு வரவும், விளைபொருளை விற்கவும், பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் அவ்வண்டி பயன்பட்டது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நாட்டின் எழுத்தறிவு இயக்கங்கள் பலவற்றில், தொடர்கல்வி தளர்ந்த இடங்களில் புதிதாய்க் கற்றோர் எழுத்தை மறந்தனர். அன்றாடம் புழங்காத கல்வி நிலைப்பதில்லை. மிதிவண்டியோ நாள்தோறும் தேவைப்பட்டது. ஆகவே அத்திறன் நிலைத்தது.

எனவே, ஒரு நாள் இலவச வகுப்பு நடத்துவோர் வந்தோரின் எண்ணிக்கையோடு மனநிறைவு கொள்ளலாகாது. தையலாயினும், கணக்கெழுதுதலாயினும், கணினியாயினும், கற்றது மறுநாளே பயன்பட வழியுண்டா, அதற்கான கருவி கைக்கு எட்டுமா, கற்றவர் இன்னொருவருக்குக் கற்பிப்பாரா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இம்மூன்றும் அமைந்தால் ஒரு நாள் வகுப்பும் ஓர் ஊரின் வாழ்வை மாற்றும். புதுக்கோட்டைப் பெண்கள் அதற்குச் சான்று.