கைத்துப்பாக்கியில் சுத்தியல் சிக்குதல்

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் பின்முனையில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் எஃகுத் துண்டுதான் சுத்தியல். டிரிகரை அழுத்தியதும் அது பாய்ந்து ஊசியை அடிக்கிறது. ஊசி தோட்டாவின் பிரைமரைத் தாக்குகிறது. சுத்தியல் பின்னுக்கு வர மறுப்பது, பின்னுக்கு வந்தபின் விழ மறுப்பது, நடுவழியில் நின்றுவிடுவது ஆகிய மூன்றையும் ‘சுத்தியல் சிக்கிவிட்டது’ என்றே சொல்கிறார்கள். இந்த மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. அதிலும், சிக்கியதாகத் தோன்றுவது பல நேரங்களில் பழுதே அல்ல. வடிவமைத்தவர் உள்ளே வைத்த பாதுகாப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இதை விளக்க ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் எம்1911 மாடலைவிடப் பொருத்தமானது கிடையாது. அமெரிக்க ராணுவம் இதை 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் நடந்த சோதனையில் ஒரே துப்பாக்கியிலிருந்து 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். கோல்ட் ஒருமுறைகூடச் சிக்கவில்லை, போட்டிக்கு வந்த சாவேஜ் நிறுவனத் துப்பாக்கி 37 முறை சிக்கியது என்று பதிவாகியிருக்கிறது. 1985இல் பெரெட்டா எம்9 வரும்வரை இதுவே அந்த ராணுவத்தின் கைத்துப்பாக்கி.

இதன் உள்ளமைப்பு எளிது. கைப்பிடியின் பின்பகுதியில் ஒரு குழலுக்குள் மெயின் ஸ்பிரிங் இருக்கிறது. சுத்தியலோடு இணைந்த ‘ஸ்டிரட்’ என்னும் சிறு தண்டு, சுத்தியல் பின்னுக்குச் சாயும்போது அந்த ஸ்பிரிங்கை அழுத்துகிறது. சுத்தியலின் அடியில் உள்ள கொக்கிகளை ‘சியர்’ என்னும் துண்டு பிடித்து நிறுத்துகிறது. டிரிகருக்கும் சியருக்கும் நடுவில் ‘டிஸ்கனெக்டர்’ நிற்கிறது; துப்பாக்கியின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் ‘ஸ்லைடு’ முழுமையாக மூடாதவரை டிரிகரின் அழுத்தம் சியருக்குப் போய்ச் சேராது. மூன்று கால்கள் கொண்ட தகட்டு ஸ்பிரிங் ஒன்று சியர், டிஸ்கனெக்டர், கைப்பிடி சேஃப்டி மூன்றையும் தள்ளிக்கொண்டிருக்கும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் துப்பாக்கிக் குழலின் வாய் ஆபத்தில்லாத திசையை நோக்க வேண்டும். விரல் டிரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். மேகசினைக் கழற்றியதாலேயே துப்பாக்கி காலியாகிவிடாது. அறைக்குள் ஒரு தோட்டா மிச்சமிருக்கலாம்.

மிகக் கடினமான நிலை, சுத்தியல் கீழே விழுந்த நிலையில் இறுகிப்போவது. ஸ்லைடு பின்னுக்கு வரவேண்டுமானால் அது சுத்தியலையும் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். ஆகவே சுத்தியல் அசையவில்லை என்றால் ஸ்லைடும் அசையாது; அறைக்குள் தோட்டா இருக்கிறதா என்று பார்க்கவே வழி இருக்காது. அந்தத் துப்பாக்கியைத் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவதும் மேசையில் தட்டுவதும் உயிருக்கு உலை வைக்கும் காரியங்கள். குழலின் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி, துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரின் உதவியை நாடுவது ஒன்றே வழி.

சுத்தியல் பின்னுக்கு வந்து நிற்கிறது, டிரிகரை அழுத்தினாலும் விழவில்லை என்றால் முதலில் கட்டைவிரல் சேஃப்டியைப் பார்க்க வேண்டும். 1911இல் அது சியரையும் ஸ்லைடையும் சேர்த்தே பூட்டிவிடும். கைப்பிடியைச் சரியாக இறுக்காவிட்டால் கைப்பிடி சேஃப்டி டிரிகரை நகரவிடாது. ஸ்லைடு சில மில்லிமீட்டர் திறந்திருந்தாலும் டிஸ்கனெக்டர் தடுத்துவிடும். அப்போது குற்றவாளி சுத்தியல் அல்ல, அழுக்கோ சரியாக உட்காராத தோட்டாவோதான்.

சுத்தியல் பாதியில் நிற்பதற்குக் காரணம் அதில் உள்ள அரைநிலைப் பள்ளம். கட்டைவிரலிலிருந்து சுத்தியல் வழுக்கினால் சியர் இந்தப் பள்ளத்தில் மாட்டி, சுத்தியல் ஊசியை எட்டாமல் தடுக்கும். பழைய 1911இல் அந்த நிலையில் டிரிகரை எவ்வளவு அழுத்தினாலும் சுத்தியல் விழாது. பலம்கொண்டு அழுத்தினால் சியரின் நுனிதான் சேதமாகும். காலித் துப்பாக்கியில் சுத்தியலை முழுதாகப் பின்னுக்கு இழுத்தால் விடுபட்டுவிடும். ஆனால் ஸ்லைடு மூடும்போதெல்லாம் சுத்தியல் தானாகவே அரைநிலைக்கு வந்தால் விஷயம் வேறு. கொக்கி தேய்ந்திருக்கும், அல்லது தகட்டு ஸ்பிரிங்கின் இடது கால் சியரை அழுத்தாமல் விலகியிருக்கும். அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடவே கூடாது. அந்தக் கொக்கிகளின் உயரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய முயல்பவர், தானாக வெடிக்கும் துப்பாக்கியை உருவாக்கிவிடுவார்.

மாடல் மாறினால் விதியும் மாறும். சோவியத் டோக்கரேவ் டிடி-33இல் தனி சேஃப்டி நெம்புகோல் கிடையாது. அரைநிலைப் பள்ளமே சேஃப்டி. அந்த நிலையில் டிரிகரோடு ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும். புதிதாகக் கையில் எடுப்பவருக்கு அது சிக்கிய துப்பாக்கியாகவே தெரியும். பிரௌனிங் ஹை-பவர், பிரெஞ்சு ராணுவம் கேட்டதற்கிணங்க, மேகசின் இல்லாவிட்டால் சுத்தியல் விழாதபடி செய்யப்பட்டது. இதே வடிவம்தான் இந்தியாவில் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் 9 மி.மீ. 1ஏ என்ற பெயரில் தயாராகிறது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி நிறுவனத்தின் சில 1911களில் கைப்பிடிக்குப் பின்னால் சாவிப் பூட்டு உண்டு; பூட்டியிருந்தால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கவே முடியாது. சாவியின் நினைவு வராமல் துப்பாக்கியைப் பிரித்துப் போடுவது வீண் வேலை.

உண்மையான பழுதுகளுக்குப் பெரும்பாலும் அழுக்கும் துருவும்தான் காரணம். ராணுவக் கிடங்குகளில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய காஸ்மோலின் போன்ற கிரீஸ், ஆண்டுகள் கடந்ததும் மெயின் ஸ்பிரிங் குழலுக்குள் பழைய வெல்லப்பாகுபோல் இறுகிவிடுகிறது. கரைப்பானில் கழுவி, துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். எண்ணெயை ஊற்றுவது தீமையே செய்யும். அது புகைக்கரியையும் தூசியையும் பிடித்து அடுத்த சிக்கலுக்கு வழி செய்யும். அடுத்த காரணம், பிரித்துச் சேர்ப்பதில் நேரும் தவறு. சுத்தியலை முன்னால் சாய்த்து வைத்து, ஸ்டிரட்டின் நுனி ஸ்பிரிங் மூடியின் குழியில் உட்காரும்படி பொருத்த வேண்டும். நுனி பக்கத்தில் மாட்டிக்கொண்டால் சுத்தியல் தொளதொளவென ஆடும் அல்லது இறுகி நிற்கும். வளைந்த ஸ்டிரட்டும் உடைந்த ‘பின்’ ஆணியும் மாற்றப்பட வேண்டியவை. நிமிர்த்திப் பயன்படுத்தத் தக்கவை அல்ல.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதைப் பழுதுபார்க்கும் உரிமம் ஆகாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவில் உற்பத்தி, விற்பனையோடு பழுதுபார்ப்பையும் சேர்த்து, அதற்குத் தனி உரிமம் கோருகிறது.